குடிக்காமல் வைத்த காபி

வீட்டை விற்றுவிடுவது என்று என் புருஷன் மைமோன் முடிவெடுத்தது என்னைக் கேட்டு இல்லை. கேட்டிருந்தால் நடந்திருக்குமா? இஸ்ரேலில் அக்கோ என்கிற ஊரில், கடலுக்கு நாலு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் இருக்கிற அந்த வீட்டுக்குத்தான் நான் கல்யாணமாகி வந்தேன். என் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கூடத்தில் தவழ்ந்தவர்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதே மாடியில் எதிர்வீட்டு ருதைனாவின் சமையலறை ஜன்னல், நடுவில் துணி காயப்போடுகிற கொடிகள். வெங்காயம், வெந்தயம், ஊர்வம்பு எல்லாம் அந்தக் கொடிகளுக்கு மேலேதான் கைமாறும். அதை விட்டுவிட்டு மலைமேல் ஏதோ ஒரு புதுக் குடியிருப்புக்கு வா என்கிறான். "அங்க எல்லாரும் நம்மாளுங்கதான் பெர்லா, நிம்மதியா இருக்கலாம்" என்றான். நம்மாட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? என் நாத்தனார்கள் எல்லாருமே நம்மாட்கள்தான்.

உண்மையில் அவனுக்கு ஆகாதது வீடு இல்லை, எதிர்வீடு. ருதைனாவின் புருஷன் ஹிக்மத் குளிர்பெட்டி ரிப்பேர் செய்கிறவன். மைமோன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு முக்காலி போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் பகடை உருட்டுவார்கள். மைமோன் யூதன், ஹிக்மத் முஸ்லிம் என்பதெல்லாம் ஆட்டத்தில் தோற்கும்போது திட்டுவதற்கு மட்டும்தான் பயன்பட்டது. அந்தத் திட்டுகளைக் கேட்டு மாடிப்படியே சிரிக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம் யூத-அரபுக் கலவரத்தில் ஊர் பற்றி எரிந்தது. அந்த வாரம் நான் திபேரியாவில், என் பெண்ணின் பிரசவத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மைமோனின் நெற்றியில் தையல். ஹிக்மத்தின் வீட்டு ஜன்னலில் கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை. முக்காலியைக் காணவில்லை. பகலில் யாரோ அரபுப் பையன்கள் மைமோனின் பேருந்தின் மேல் கல்லெறிந்தார்களாம். ராத்திரி யாரோ யூதப் பையன்கள் எங்கள் கட்டடத்தின் கீழே நின்றுகொண்டு ஹிக்மத்தின் ஜன்னலில் கல்லெறிந்தார்களாம். எறிந்த எவனுக்கும் இவர்கள் இருவரும் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. என்னடா நடந்தது என்று கேட்டால் "ஒண்ணும் நடக்கல" என்பான் மைமோன். பிடித்த முயலுக்கு மூன்றே கால். படியில் எதிரெதிரே வந்தால் ஒருவன் கைபேசியைப் பார்ப்பான், இன்னொருவன் சுவரைப் பார்ப்பான். அந்தச் சுவரில் பார்க்க என்ன இருக்கிறதோ.

நானும் ருதைனாவும் மட்டும் ஜன்னல் வழியாகப் பேசுவதை நிறுத்தவில்லை. புருஷன்மார்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசினோம், ஏதோ கள்ளக்காதல் மாதிரி.

இந்த வசந்தத்தில் மைமோன் வீட்டுக்கு ஆள் பிடித்துவிட்டான். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. புதன்கிழமை வந்து சமையலறையை அளந்துகொள்வார்கள், வியாழக்கிழமை வக்கீலிடம் கையெழுத்து. நான் ஒரு வாரம் அழுதேன். பிறகு அழுகை நின்று கோபம் வந்தது. கோபத்தோடு பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த திங்கட்கிழமைக் காலையில்தான் ஜன்னலில் ருதைனா வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"ரஷாத் போயிட்டாரு" என்றாள்.

ரஷாத், ஹிக்மத்தின் அண்ணன். பழைய நகரத்துச் சந்தையில் மீன்கடை வைத்திருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா இல்லாத வீட்டில் ஹிக்மத்தைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர்தான். காலையில் கடையைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

"இன்னைக்கு மத்தியானம் அடக்கம். துக்கத்துக்கு மூணு நாளும் இங்கதான் உக்காரப் போறோம். ஆம்பளைங்க கீழ கார் நிறுத்துற எடத்துல, பொம்பளைங்க மேல எங்க வீட்டுல." அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பெர்லா, உன் ஆள வரச் சொல்லு. ஹிக்மத் வாயால கேக்கமாட்டான். ஆனா மைமோன் வந்தானா வரலயான்னு சாகற வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பான்."

அன்று சாயங்காலம் மைமோன் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

"நான் போகல" என்றான்.

"எதிர்வீட்டுல சாவு, மனுஷா. பூனை செத்தாக்கூட நாலு பேரு எட்டிப் பாப்பாங்க."

"அவன் என்கிட்ட பேசறதில்ல."

"நீ அவன்கிட்ட பேசறியா?"

"அவன் பேசல, அதனால நான் பேசல."

"அவனும் அதையேதான் சொல்றான்."

"உனக்கு யாரு சொன்னது?"

"கொடியில காயற துணி சொல்லுச்சு. வியாழக்கிழமையோட இந்த வீட்ட விட்டு என்னை இழுத்துட்டுப் போகப்போற இல்ல? போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ மனுஷனா நடந்துக்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "துக்க வீட்டுல, வந்தவன் மொதல்ல வாயத் தொறக்கக்கூடாது, இல்ல? துக்கக்காரன்தான் மொதல்ல பேசணும். அதானே முறை?"

"ஆமா" என்றேன்.

எங்களில் அதுதான் முறை. இழவு வீட்டுக்குள் போகிறவன் வணக்கம் சொல்லமாட்டான், கை கொடுக்கமாட்டான். தாழ்வாக ஓரிடத்தில் உட்கார்ந்து, துக்கப்படுகிறவன் வாய் திறக்கும்வரை காத்திருப்பான். மைமோனுக்கு இது தேவாமிர்தமாக இருந்தது. போனவன் என்ற பெயரும் கிடைக்கும், மூன்று வருஷ வீம்பும் உடையாமல் இருக்கும், முதலில் பேசவேண்டியது ஹிக்மத். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி இறங்கினான். எனக்கு இருந்த சந்தோஷத்தில், அவன் போகிற வீடு யாருடையது என்று என் மண்டைக்கு உறைக்கவே இல்லை. முஸ்லிம்களின் இழவு வீடுகளுக்கு அவனும் எத்தனையோ முறை போனவன்தான். ஆனால் எப்போதும் பேருந்துக்காரர்கள் கூட்டத்தோடு போவான். முன்னால் போகிற பெரியவர் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பேசிவிடுவார், இவன் வால் மாதிரி பின்னால் போய்விட்டு வருவான். தனியாகப் போனது இதுதான் முதல் தடவை.

நான் மேலே ருதைனா வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பேரீச்சம்பழத் தட்டை எடுத்துக்கொண்டு நடக்கிற சாக்கில் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தேன். பந்தல் துணிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் ஹிக்மத்தும் சொந்தக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வரிசை நெடுகக் கை கொடுத்து, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலியைப் பெருக்கித் தரட்டும் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். அப்போது மைமோன் வந்தான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, அந்த வரிசையின் முன்னால் ஒருவர் முகத்தையும் பாராமல் நடந்துபோய் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். ஹிக்மத் நீட்டின கை நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றது.

கத்திக் கூப்பிடவா முடியும்? பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைமோன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹிக்மத் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ சர்க்கரை போடாத காபியைச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து மைமோனிடம் கொடுத்தார்கள். வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். குடிக்கவில்லை. சுற்றி இருந்தவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் எழுந்தான், எதையோ முணுமுணுத்தான், போய்விட்டான். கிண்ணம் அங்கேயே இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"பாத்தியா? அவ்வளவு நேரம் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். 'வந்தியா'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. சொன்னானா? நாடே சிரிக்கிற மாதிரி என்னை உக்கார வெச்சு வேடிக்க பாத்தான். போதும் பெர்லா. வியாழக்கிழமை கையெழுத்து. இனிமே அந்தக் கதவ நான் பாக்க வேணாம்."

"மைமோன், அவங்க முறை வேற..."

"முறையாம் முறை. பேச வாயிருக்கிறவனுக்கு எல்லா முறையும் ஒண்ணுதான்."

பேச வாயிருந்தும் பேசாமல் வந்தவன் சொல்கிறான் இதை. அன்று அவனுக்கு நான் சோறு போடவில்லை. அவனே ரொட்டியை வெட்டித் தின்றுவிட்டுப் படுத்தான்.

மறுநாள் காலையில் ருதைனா ஜன்னலைத் திறந்த சத்தத்திலேயே தெரிந்தது, அவள் என்னைக் கடித்துக் குதறத்தான் வந்திருக்கிறாள் என்று.

"உன் ஆளு எதுக்குடி வந்தான் நேத்து? வராமலே இருந்திருக்கலாமே. ஒரு சலாம் இல்ல. நீட்டின கைய தொடல. என்னமோ வாய்க்குள்ள முணுமுணுத்துட்டுப் போயிருக்கான், சபிச்சுட்டுப் போறான்னு சொல்லி எங்க முராத் குதிக்கிறான், அடக்க முடியல." முராத், ஹிக்மத்தின் அக்கா மகன். எதற்கெடுத்தாலும் குதிக்கிறவன்தான்.

"சபிக்கலடி. கடவுள் உங்களுக்கு ஆறுதல் குடுக்கட்டும்னு சொல்றது அது. போகும்போது சொல்லணும், எங்க முறை."

"வரும்போது?"

"வரும்போது எதுவும் சொல்லக்கூடாது. துக்கக்காரங்க மொதல்ல பேசற வரைக்கும் பேசாம உக்காந்திருக்கணும். கையும் குடுக்கக்கூடாது."

ருதைனா என்னையே பார்த்தாள். "அப்ப ஹிக்மத் பேசுவான்னு மைமோன் உக்காந்திருந்தான்."

"ஆமா."

"மைமோன் பேசுவான்னு ஹிக்மத் நின்னுட்டிருந்தான்."

"ஆமாடி."

"ரெண்டு கழுதைங்களும் மாறி மாறி மரியாத காட்டிட்டு இருந்துருக்குங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இழவு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் என்ன நினைப்பார்கள்? கொடியில் கிடந்த ஈரத் துண்டை இழுத்து ஆளுக்கொரு முனையாக வாயில் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துச் சிரித்து அவள் அழ ஆரம்பித்தாள். "ரஷாத் இருந்திருந்தா இதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டபின் அவள் முகம் மாறியது. "பேசாததுக்குக் காரணம் சொல்லிட்ட. காபிக்கு?"

"காபிக்கு என்ன?"

"எங்கள்ல விருந்தாளி காபிய வாங்கிக் குடிக்காம வெச்சான்னா, அவனுக்கு அந்த வீட்டுக்காரன்கிட்ட ஒரு கோரிக்கை இருக்குன்னு அர்த்தம். என்ன வேணும்னு வீட்டுக்காரன் கேட்டு, அதுக்கு ஒரு வழி பண்ணணும். அப்புறம்தான் அவன் குடிப்பான். கேக்காம அனுப்பினா அந்த வீட்டுக்கே இழுக்கு. சாவு வீட்டுல வந்து ஒருத்தன் கோரிக்கை வெக்கறான்னா அது எவ்வளவு பெரிய விஷயமா இருக்கணும்? நேத்துலேருந்து ஹிக்மத்துக்கு அதேதான். சாப்பிடல. 'அவனுக்கு என்கிட்ட என்ன வேணும், என்ன வேணும்'னு கேட்டுட்டே இருக்கான்."

"அவனுக்கு ஒரு கோரிக்கையும் இல்லடி. வெறும் வீம்பு."

"வீம்புன்னு சொல்லிடவா?"

"சொல்லு."

அவள் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஹிக்மத் அவளைப்போல அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம், கீழே நாற்காலிகளில் இருந்தவர்கள் தொழுகைக்கு எழுந்துபோன நேரம், எங்கள் கதவு தட்டப்பட்டது. மூன்று வருஷமாகக் கேட்காத தட்டு, இருந்தாலும் கேட்டதும் தெரிந்துவிட்டது. அவன் மூன்று விரலால்தான் தட்டுவான். கதவைத் திறந்தேன். ஹிக்மத் நின்றுகொண்டிருந்தான், சவரம் செய்யாத முகத்தோடு. ஒரு கையில் காபிக் குடுவை, இன்னொரு கையில் ஒரே ஒரு கிண்ணம்.

"அவன் இருக்கானா?"

"எங்க போகப்போறான், வா."

மைமோன் சோபாவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். ஹிக்மத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். தொலைக்காட்சியை நான்தான் அணைத்தேன்.

"உங்க சட்டப்படி மொதல்ல நான்தான் பேசணுமாம்" என்றான் ஹிக்மத். "ருதைனா சொன்னா. சரி, பேசிட்டேன். இப்ப எங்க சட்டத்துக்கு வா. நேத்து என் காபிய குடிக்காம வெச்ச. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாதவன் காபிய குடிப்பான்."

ஹிக்மத் கிண்ணத்தில் காபியை ஊற்றி, என் பாத்திரப் பெட்டி ஒன்றின் மேல் வைத்தான். அப்போதுதான் அந்தப் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தான். வீடு விற்பது அவனுக்குத் தெரியும், ஆனால் பெட்டிகளைப் பார்ப்பது வேறு. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். போகிறவனாகத் தெரியவில்லை. நான் சமையலறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று வருஷமாக என்னிடம் மறைத்து வைத்தது இப்போதாவது வெளியே வருமா என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"வேணும்" என்றான் மைமோன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மண்டைல கட்டுப் போட்டுட்டு படி ஏறி வந்தேன். சட்டையெல்லாம் ரத்தம். உன் கதவு தொறந்திருந்துச்சு. நீ நின்னுட்டிருந்த. என்னப் பாத்த. பாத்துட்டு கதவ சாத்துன. கல்லு பட்டது வலிக்கல எனக்கு, ஹிக்மத். ஏன்டா சாத்துன?"

ஹிக்மத் மேலே விட்டத்தைப் பார்த்தான். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் முன்னாடி வர்றது? என்ன சொல்றது? எங்க பசங்க பண்ணிட்டாங்க மன்னிச்சுக்கன்னா? நான் யாரு அவனுங்களுக்கு? பண்ணல, எனக்கு சம்பந்தமில்லன்னா? உன் ரத்தத்தப் பாத்துட்டு அதச் சொல்லவா? வெக்கமா இருந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சு போலாம், கொஞ்சம் மனசு தேறட்டும்னு சாத்துனேன். பத்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம் கீழ அந்தக் கூட்டம் வந்துடுச்சு."

"ஆமா, வந்துச்சு" என்றான் மைமோன். "உன்னக் கேட்டுட்டேன் இல்ல. என்னோடதையும் கேட்டுக்க." அவன் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அவனுங்க கீழ நின்னு கத்துனப்போ நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். எறங்கிப் போயி, நான் உங்காளு, போங்கடான்னு ஒரு சத்தம் போட்டிருந்தா போயிருப்பானுங்க. கைப்பிடி என் கையில இருந்துச்சு. கண்ணாடி ஒடைஞ்சது கேட்டுச்சு. உன் சின்னவ லமீஸ் அழுதது கேட்டுச்சு. நான் தொறக்கல. பயம்னு நெனைக்காத. பயமில்ல. நீ சாத்துன இல்ல, நானும் சாத்தறேன் பாருன்னு... அவ்வளவு கேவலமான ஆளு நான். அந்தப் புள்ள அழுதது இன்னும் கேக்குது எனக்கு. அதுக்குத்தான் வீட்ட விக்கறேன். உன் மூஞ்சிய பாக்க முடியாம இல்ல."

இத்தனை நாளும் அவன் ஹிக்மத்தின் மேலுள்ள கோபத்தில் ஓடப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவி மனுஷன் தன்னைவிட்டுத்தான் ஓடப் பார்த்திருக்கிறான். ஹிக்மத் இப்போது அவனை அடித்தால்கூட நான் குறுக்கே போகக்கூடாது என்று நினைத்தேன். அவனுக்கு அந்த உரிமை இருந்தது. ஹிக்மத்தின் முகத்தில் ஓடிய கோபத்தை நான் பார்த்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். கட்டிய கை அவிழ்ந்தது. பிறகு மெல்லச் சொன்னான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ நின்னது. நான் என் கதவு ஓட்டை வழியா பாத்துட்டிருந்தேன், நீ வருவியான்னு. உன் வீட்டுக்குள்ள வெளிச்சம். கதவுக்கு அடியில உன் ரெண்டு கால் நெழலும் தெரிஞ்சுது. அவனுங்க போற வரைக்கும் தெரிஞ்சுது."

மைமோன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மூணு வருஷமா தெரியுமா? அப்ப ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீ பதில் சொல்லணுமே. நீ என்ன பதில் சொல்லுவியோன்னு பயந்துட்டேன்."

ஹிக்மத் கிண்ணத்தைக் காட்டினான். "நீ கேட்டதுக்கு பதில் சொல்லிட்டேன். குடி. ஆறிடுச்சு."

மைமோன் கிண்ணத்தை எடுத்தான். காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டாலும் முகம் சுளிக்கிறவன் அவன். அந்தக் கசப்பை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினான். ஹிக்மத் வாங்கிக்கொண்டு கதவுவரை போனான். அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "நாளைக்குக் கடைசி நாள். வா."

"வந்தா எங்க உக்காரணும்? இப்பவே சொல்லிடு."

"உக்கார வேணாம். என் பக்கத்துல நில்லு."

மூன்று வருஷத்துக் கசப்பு ஒரு கிண்ணம் காபியில் கரைந்துவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். புதன்கிழமை மைமோன் வெள்ளைச் சட்டையும் தலையில் சின்னத் தொப்பியுமாக அந்த வரிசையில் போய் ஹிக்மத்தின் தோளருகே நின்றபோது, முராத் வரிசையைவிட்டு விலகிப்போய்த் தெருமுனையில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசிவரை திரும்பி வரவில்லை. எங்கள் இரண்டாவது மாடிக்காரி, நம்மாள்தான், என்னைப் படியில் நிறுத்தி, "உன் புருஷனுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். "நேத்து வரைக்கும் இல்ல, இன்னைக்குத்தான் கெடைச்சிருக்கு" என்றேன்.

ருதைனாவின் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் சிலர் மைமோனின் முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்கினார்கள். யாரடா இவன் என்று ஹிக்மத்தைப் பார்த்தார்கள். ஹிக்மத் தலையை மட்டும் அசைத்தான். அவர்களும் கை கொடுத்தார்கள். எங்கோ மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒரு கிழவர் மைமோனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு நகர்ந்தார், தொப்பியைப் பார்த்தாரோ இல்லையோ. மைமோன் ஒவ்வொருவருக்கும் அரபியில் பதில் சொன்னான். காலையில் ஹிக்மத்திடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தான். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டபோதுகூட அவன் இவ்வளவு ஒழுங்காக மந்திரம் சொல்லவில்லை.

அப்போதுதான் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. வீடு வாங்கப்போகிற ஜோடி. அந்த இளைஞன் கையில் அளவு நாடாவோடு இறங்கினான். இன்று அவர்கள் வருவது என் நினைவிலேயே இல்லை. மைமோனுக்கும் இருந்திருக்காது. நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு நாங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானாகக் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை நாளைக்குத்தான். இவன் எதைச் சொல்லப்போகிறானோ, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பானோ என்று பயந்தேன். கையில் இருந்த தட்டை யாரிடமோ திணித்துவிட்டு, வீட்டுச் செருப்போடு மூன்று மாடியும் இறங்கி ஓடினேன்.

நான் கீழ்ப்படிக்கு வரும்போது அந்த இளைஞன் மைமோனைப் பார்த்துவிட்டான். இழவு வரிசையில் நிற்பவனைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. நாடாவைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு கிட்டே வந்தான். நல்ல பிள்ளை, ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை.

"ஐயோ, எனக்குத் தெரியாது" என்றான். "தப்பான நேரத்துல வந்துட்டேன். உங்க வீட்டுலயா? யாரு?"

மைமோன் அவனைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஹிக்மத்தைப் பார்த்தான். என்னை அவன் பார்க்கவே இல்லை.

"அண்ணன்" என்றான்.

"கடவுள் ஆறுதல் குடுக்கட்டும். வக்கீல்கிட்ட நான் சொல்லிடறேன். நாளைக்கு வேணாம், அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

"அடுத்த வாரமும் வேணாம்பா. வீடு விக்கல. உன்னை அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்க."

"இங்க இருக்கவே முடியலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றான் மைமோன். "இப்ப துக்கத்துல நிக்கறேன், தம்பி. இங்கருந்து நகர முடியாது. போயிட்டு வா."

ஹிக்மத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடை ஆடுவதை நான் பார்த்தேன். ரஷாத் உயிரோடு இருந்தவரை மைமோனுக்கு அந்த ஆளைக் கண்ணில் காட்டக்கூடாது. நேற்றைய மீனை இன்றைய மீன் என்று தலையில் கட்டுகிறவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவருடைய கடைப்பக்கம் என்னையும் போகவிட்டதில்லை. அந்த மனுஷருக்குத் தம்பியாக நின்றுகொண்டு, அடுத்து நீண்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் புருஷன் எல்லார் எதிரிலும் அழுதான். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே போய்ப் பெட்டிகளைப் பிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் எழுந்திருக்க மனசே வரவில்லை.